தோரண வாயிலும் புத்த பீடிகையும்: பயணக் கட்டுரை குறித்து ஒரு நோக்கு

பயணக் கட்டுரைக்கு நம் தமிழ்க் கல்வியில் நெடுங்காலமாக இடம் உண்டு. தொடக்கப்பள்ளி மாணவர் அதனை எழுதிப் பழகுகின்றனர். இடைநிலைப்பள்ளியில் அது தேர்வுக்குரிய வடிவமாகிறது. பல்கலைக்கழகத்தில் களப்பயண அறிக்கை என்னும் பெயரோடு அதே வடிவம் சற்று நீண்டு தொடர்கிறது. இவ்வளவு புழக்கமுள்ள ஓர் எழுத்து வகையை நாம் திறனாய்வுக்கு உட்படுத்துவது மிகக் குறைவு. சிறுகதைக்கும் புதுக்கவிதைக்கும் காட்டும் ஊக்கத்தில் ஒரு சிறு பங்கைக்கூட இதற்குக் காட்டியதில்லை. ‘அது பள்ளிக் கட்டுரைதானே’ என்னும் எண்ணமே இதற்குக் காரணமாகலாம். ஆயினும், ஒரு சமுதாயம் தன்னைச் சூழ்ந்துள்ள இடங்களை எவ்வாறு பார்க்கப் பழகியிருக்கிறது என்பதை அறியப் பயணக் கட்டுரையைவிட நேரான சான்று வேறில்லை என்பது நம் கருத்து. குறிப்பாக, பிற சமயத்தாருக்கும் பிற இனத்தாருக்கும் உரியவை என்று நாம் கருதும் தலங்களைப் பற்றி எழுதும்போது அப்பழக்கம் தெளிவாக வெளிப்படுகிறது.

இக்கருத்து நமக்குத் தோன்றியது ஒரு களப்பயணத்தின் பின்னர். பௌத்தக் கோயிலையும் அரச தலத்தையும் ஒரே நாளில் காட்ட வேண்டும் என்று திட்டமிட்டு, மாணவர் சிலரைக் காலையில் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திற்கும் பிற்பகலில் கிள்ளானுக்கும் அழைத்துச் சென்றோம். கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து லிட்டில் இந்தியாவின் தோரண வாயில் வழியாக ஜாலான் பெர்ஹாலாவில் உள்ள பௌத்த மகா விகாரை வரை நடந்தோம். பின்னர்க் கிள்ளானில் சுல்தான் அப்துல் அசிஸ் அரச காட்சியகத்தையும் சுல்தான் சுலைமான் பள்ளிவாசலையும் கண்டு, ஆலாம் ஷா அரண்மனையை வெளியே நின்று பார்த்துத் திரும்பினோம். ஒரு வாரத்தில் கட்டுரைகள் வந்து சேர்ந்தன.

பிழைகளைத் திருத்தும் நோக்கோடு படிக்கத் தொடங்கிய நாம், திருத்துவதை நிறுத்திவிட்டு வேறொன்றைக் குறித்துக்கொள்ளத் தொடங்கினோம். தோரண வாயிலை ஏறத்தாழ எல்லாரும் ‘இந்தியப் பண்பாட்டின் நுழைவாயில்’ என்றே எழுதியிருந்தனர். அது பௌத்தக் கலை என்று ஒருவரும் எழுதவில்லை. விகாரைக்கு இரண்டு அல்லது மூன்று வாக்கியங்கள் கிடைத்திருந்தன. ‘சிங்களவர் கோயில்’ என்றனர் சிலர். ‘சீனர் வழிபடும் கோயில்’ என்றனர் வேறு சிலர். ‘அமைதியான சூழல் மனத்தைக் கவர்ந்தது’ என்றனர் அனைவரும். அரச காட்சியகம் பற்றிய பகுதி நீளமாக இருந்தது. ஆனால் அது கண்ணாடிப் பேழையில் வைத்த பொருள்களின் பட்டியலாக இருந்தது. இறுதி வாக்கியத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அனைவரும் மனநிறைவுடன் வீடு திரும்பியிருந்தனர். இதில் மாணவரைக் குறை கூறுவதற்கில்லை. நாம் கற்பித்ததை அவர்கள் எழுதினர். நாமும் அக்காலத்தில் மனநிறைவுடன்தான் வீடு திரும்பினோம்.

தோரண வாயிலிலிருந்தே தொடங்குவோம். பிரிக்பீல்ட்ஸ் பகுதி 2010ஆம் ஆண்டு அக்டோபரில் லிட்டில் இந்தியாவாக அறிவிக்கப்பட்டது. இந்திய அரசின் அன்பளிப்பாக எழுப்பப்பட்ட இவ்வாயிலை இரு நாட்டுப் பிரதமர்களும் 2015ஆம் ஆண்டு நவம்பரில் திறந்து வைத்தனர். இது சாஞ்சி தூபியின் வாயிலை முன்மாதிரியாகக் கொண்டது. சாஞ்சியின் தொன்மை அசோகர் காலத்திற்குச் செல்கிறது. அதன் நான்கு வாயில்கள் பிற்பட்டவை, சாதவாகனர் காலத்தவை. அவ்வாயில்களைப் பற்றி இரண்டு செய்திகளை மாணவர் அறிந்திருப்பின் அவர்தம் கட்டுரை வேறாக அமைந்திருக்கும். ஒன்று, அங்குள்ள புடைப்புச் சிற்பங்களில் புத்தரின் உருவம் இல்லை. காலி இருக்கை, அடிச்சுவடு, அறவாழி, அரச மரம் ஆகியவற்றால்தான் அவர் இருப்பு உணர்த்தப்படுகிறது. மற்றொன்று, தெற்கு வாயிலின் ஒரு பகுதியை விதிசை நகரத்துத் தந்தவேலைக்காரர்கள் செதுக்கினர் என்று அங்கேயே பொறிக்கப்பட்டுள்ளது. அதே வாயிலில் சதகர்ணி மன்னனின் கைவினைஞர் தலைவன் ஒருவன் அளித்த கொடையும் பொறிக்கப்பட்டுள்ளது. மன்னனின் பெயரோடு உழைத்தோரின் தொழிலும் கல்லில் இடம்பெற்ற வாயில் அது. அதன் படியாகிய நம் தோரண வாயிலின் கீழ் நின்று நாம் எடுத்துக்கொள்ளும் நிழற்படங்களுக்குக் கணக்கில்லை. தோரணம் என்றால் மாவிலையும் தென்னங்குருத்தும் என்று பழகிய நமக்கு, இந்தத் தோரணம் எதற்குரிய வாயில் என்று கேட்கத் தோன்றவில்லை.

அவ்வாயிலிலிருந்து விகாரைக்கு நடந்தே செல்லலாம். ஜாலான் பெர்ஹாலா என்னும் பெயரில் உள்ள மலாய்ச் சொல்லுக்கு வழிபாட்டுச் சிலை என்பது பொருள். ஒரே சாலையில் சக்தி விநாயகர் ஆலயமும் மகா விகாரையும் இருப்பதால் அப்பெயர் பொருந்துகிறது. விகாரையை நிறுவிய சாசன அபிவிருத்தி வர்த்தன சங்கம் 1894ஆம் ஆண்டில் தோன்றியது. இலங்கையிலிருந்து வந்த சிங்களவர் அதனைத் தொடங்கினர். கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையிலான இருப்புப்பாதையின் முதற்பகுதி 1886ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதன் பின்னர் இருப்புப்பாதைத் துறையிலும் அரசு அலுவலகங்களிலும் எழுத்தர்களாகவும் பணியாளர்களாகவும் இலங்கையர் பலர் இங்கு வந்தனர். அவர்களுள் சிங்களவரும் இருந்தனர், யாழ்ப்பாணத் தமிழரும் இருந்தனர். சிங்களவர் விகாரையைக் கட்டினர். யாழ்ப்பாணத்தார் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோவிலை எழுப்பினர். ஒரே தீவிலிருந்து வந்து, ஒரே இருப்புப்பாதையில் பணியாற்றியோர், சிறிது தொலைவில் இரண்டு வழிபாட்டிடங்களை அமைத்தனர் என்பதே இதன் வரலாறு.

விகாரையின் தலைமைத் துறவியாக 1952ஆம் ஆண்டில் வந்த கே. ஸ்ரீ தம்மானந்தா, 2006ஆம் ஆண்டில் மறையும் வரை இந்நாட்டுப் பௌத்தத்தின் முதன்மைக் குரலாக விளங்கினார். அவருடைய ஆங்கில நூல்களைப் படித்து விகாரைக்கு வந்தோருள் சீனரே மிகுதி. ஆகவே மாணவர் எழுதிய இரண்டு குறிப்புகளும் முற்றிலும் பொய்யல்ல. ஆயினும் ‘சிங்களவர் கோயில்’ என்று ஒரு தமிழ் மாணவர் எழுதும்போது அச்சொல்லில் வெறும் தகவல் மட்டும் இல்லை. 1983 சூலைக்குப் பின்னர் விகாரை என்னும் சொல்லே பல தமிழர் செவிக்குக் கசந்தது. அக்கசப்புக்குக் காரணம் உண்டு. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதன் விளைவாக நாம் இழந்தது யாது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பௌத்தம் என்பதே சிங்களவருடையது, சீனருடையது, சயாமியருடையது, நமக்கு உரியதன்று என்னும் எண்ணம் ஒரு தலைமுறையில் வேரூன்றிவிட்டது. கந்தரோடையில் உள்ள சிறு தூபிகள் யாருடையவை என்னும் வழக்கில்கூட, அவை தமிழ்ப் பௌத்தருடையனவாக இருக்கலாம் என்னும் கருத்தை உரக்கச் சொல்லத் தமிழர் பலர் தயங்குகின்றனர். பௌத்தரென்று ஒப்புக்கொண்டால் சிங்களவரென்று ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்னும் அச்சம் அது.

இங்கே ஒரு காலப் பொருத்தத்தைச் சுட்ட விரும்புகிறோம். விகாரைச் சங்கம் தோன்றிய நான்கே ஆண்டுகளில், 1898இல், உ. வே. சாமிநாதையரின் மணிமேகலைப் பதிப்பு வெளிவந்தது. தமிழ்நாட்டில் பௌத்தம் கற்பிப்பார் இல்லாத நிலையில், அந்நூலின் சமயக் கருத்துகளை விளங்கிக்கொள்ள அவர் பட்ட பாடு நாம் அறிந்ததே. அதே ஆண்டில் அயோத்திதாசர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘பௌத்தமும் தமிழும்’ 1940இல் வந்தது. தமிழுக்குள் பௌத்தம் மீண்டும் கண்டெடுக்கப்பட்ட காலமும், பிரிக்பீல்ட்ஸில் விகாரை எழுந்த காலமும் ஒன்றே. இவ்விரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்த ஒரு தமிழ்ப் பயணக் கட்டுரையை நாம் இதுவரை படித்ததில்லை.

மணிமேகலையை இங்கே குறிப்பிடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. பௌத்தத் தலத்தையும் அரச தலத்தையும் காணச் செல்வதே அக்காப்பியத்தின் பெரும்பகுதி. புகாரிலிருந்து மணிபல்லவம், அங்கிருந்து மீண்டும் புகார், பின்னர்ச் சாவகம், வஞ்சி, காஞ்சி என்று நாயகி பயணம் செய்துகொண்டே இருக்கிறாள். தமிழில் பயண எழுத்தின் முன்னோடிகளைத் தேடுவோர் ஆற்றுப்படைகளோடு நின்றுவிடுவது வியப்பே.

அவற்றுள் ஒரு பயணத்தை விரிவாக நோக்குவோம். அமுதசுரபியை முதலில் பெற்றிருந்த ஆபுத்திரன், கப்பல் ஒன்றில் செல்லும் வழியில் மணிபல்லவத்தில் தவறுதலாக விடப்படுகிறான். உண்பார் எவருமில்லாத தீவில் பாத்திரம் இருந்தும் பயனில்லை என்று அதனைக் கோமுகிப் பொய்கையில் இட்டு, உண்ணாது உயிர்விடுகிறான். மறுபிறப்பில் சாவக நாட்டில் புண்ணியராசன் என்னும் மன்னனாகிறான். சாவகம் என்பது இன்றைய சாவகத் தீவா, சுமத்திராவா, நாம் வாழும் இத்தீபகற்பமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும் அது நம் பக்கத்து நாடு. அம்மன்னனை மணிமேகலை மணிபல்லவத்துக்கு அழைக்கிறாள். அவன் கலமேறி வந்து புத்த பீடிகையைக் காண்கிறான். தன் பழம்பிறப்பை உணர்கிறான். அங்குள்ள தீவதிலகை, கரையோரத்து மணலில் புதைந்து கிடக்கும் அவனுடைய முற்பிறப்பு உடலின் எலும்புகளை அவனுக்குக் காட்டுகிறாள்.

காப்பியம் அதோடு நிற்கவில்லை. அவனைத் தவறவிட்டுச் சென்றதை உணர்ந்து தேடி வந்து, அவன் இறந்தது கண்டு உயிர்விட்ட ஒன்பது செட்டிகளின் எலும்புகளும் அங்கே காட்டப்படுகின்றன. அச்செட்டிகள் அளித்த சோற்றை உண்டு அவரோடு வந்த ஏவலர், அவர் இறந்தபின் ஏங்கி மாண்டனர். அவர்தம் எலும்புகளும் காட்டப்படுகின்றன. மன்னன், வணிகர், ஏவலர் என எவரையும் விடாமல் எண்ணிக் காட்டும் அந்த இடத்தைப் படிக்கும்தோறும் நாம் சற்றே நின்றுவிடுவது வழக்கம்.

ஒரு மன்னன், தன் நாட்டைச் சேராத ஒரு தீவில், ஒரு பௌத்தத் தலத்தில், தன் எலும்பையே காண்கிறான். அத்தீவை அவன் தன் நாட்டோடு சேர்த்துக்கொள்ளவில்லை. ‘இது என்னுடையது’ என்று கொடி நாட்டவில்லை. அரசைத் துறக்க நினைத்த அவனை மணிமேகலை தடுத்து, உணவும் உடையும் இருப்பிடமும் உயிர்களுக்கு அளிப்பதே அறம் என்று கூறி அனுப்புகிறாள். அவன் நாடு திரும்புகிறான். பிறர் தலத்தில் தன்னை அறிந்துகொள்ளுதல் என்று இதனை நாம் பெயரிடலாம்.

நம் பயணக் கட்டுரைக்குத் தெரிந்தவை வேறு இரண்டு முறைகளே. ஒன்று வியத்தல், ‘கண்ணைக் கவர்ந்தது’ என்பது அதன் வாய்பாடு. மற்றொன்று உரிமை கோரல். ‘நம் சோழன் வென்ற மண்’ என்பது அதன் வாய்பாடு. கிள்ளான் பள்ளத்தாக்கைவிட்டுச் சற்று விலகிக் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கை எண்ணினால் இரண்டாவது முறையின் முழு உருவம் தெரியும். ஆண்டுதோறும் பேருந்துகளில் அங்குச் செல்லும் நம்மவர், 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திரன் கடாரம் வென்ற செய்தியைச் சொல்லி மகிழ்கின்றனர். அங்குக் கிடைத்த பௌத்தச் சான்றுகளைப் பற்றி மிகச் சிலரே பேசுகின்றனர். 2013ஆம் ஆண்டில் அங்கு ஒரு பழம் கட்டட எச்சம் இடிக்கப்பட்ட செய்தி வெளிவந்தபோது எழுந்த வருத்தம் உண்மையானது. அவ்வருத்தம் நாகப்பட்டினத்திற்கும் நீண்டிருக்கலாம்.

நாகப்பட்டினத்தில் நடந்தது இது. கடாரத்து அரசனாகிய ஸ்ரீமாறவிசயோத்துங்கவர்மன் தன் தந்தையின் பெயரால் அங்குச் சூடாமணி விகாரையை எழுப்பினான். முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அதற்கு அளித்தான். லெய்டன் செப்பேடுகள் என அறியப்படும் பெரிய செப்பேட்டுத் தொகுதி இதனைக் கூறுகிறது. சைவ மன்னன் ஒருவன், மலாய் உலகத்து அரசன் எழுப்பிய பௌத்தக் கோயிலுக்குத் தமிழ் ஊரை அளித்த செய்தி இது. அவன் மகன்தான் பின்னர்க் கடாரத்தின்மீது படையெடுத்தான். அதன் பின்னரும், 1090இல், முதலாம் குலோத்துங்கன் காலத்தில் அப்பள்ளிக்குரிய உரிமைகள் உறுதிப்படுத்தப்பட்டன. நாகப்பட்டினத்தில் எஞ்சி நின்ற பழங்கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. அங்குக் கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகள் நூற்றுக்கணக்கானவை. இவ்வளவும் நம் பாடநூல்களுக்கு எட்டிய செய்திகளே. எனினும் ‘கடாரம் கொண்டான்’ என்னும் ஒரு தொடர் மற்ற அனைத்தையும் மறைத்துக்கொண்டு நிற்கிறது.

இவ்விரு முறைகளுக்கும் அப்பாற்பட்ட பயண எழுத்து நம்மிடம் இல்லாமலில்லை. 1960களில் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை ஏற்றிருந்த தனிநாயக அடிகள், தாய்லாந்தின் அரச விழாவில் திருவெம்பாவை வழங்கி வந்ததை ஆராய்ந்தார். அவர் அங்குத் தமிழரின் வெற்றியைத் தேடவில்லை. பௌத்த மன்னர் அவையில் தமிழ்ப் பாடல் எவ்வாறு தங்கியது, யார் வாயில் எவ்வாறு திரிந்தது என்று கேட்டார். நம் அருகிலேயே, பெட்டாலிங் ஜெயாவில் உள்ள சயாமியர் கோயிலாகிய வாட் சேத்தவனுக்கு 1962இல் மன்னர் பூமிபோல் வந்து சென்றார். அங்கு நான்முகன் சந்நிதியும் உண்டு. நம்மவர் சிலர் அங்கு ஊதுவத்தி ஏற்றி வணங்குவதைக் கண்டுள்ளோம். அவர்கள் கட்டுரை எழுதுவதில்லை. ஆயினும் மாணவரைவிட நன்றாகவே அத்தலத்தைக் கண்டிருக்கின்றனர் என்று தோன்றுகிறது.

இனிக் கிள்ளானுக்கு வருவோம். சுல்தான் அப்துல் அசிஸ் அரச காட்சியகம் 2007ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அது இயங்கும் சுல்தான் சுலைமான் கட்டடம் 1909இல் கட்டப்பட்டது. அதனை வடிவமைத்த ஆர்தர் பெனிசன் ஹப்பேக், பிரிக்பீல்ட்ஸுக்கு அருகில் உள்ள கோலாலம்பூர் பழைய இரயில் நிலையத்தையும் வடிவமைத்தவர். காலையில் நாம் கண்ட உலகமும் பிற்பகலில் கண்ட உலகமும் ஒரே ஆட்சியாலும் ஒரே இருப்புப்பாதையாலும் பிணைக்கப்பட்டவை என்பதற்கு இது போதும். காட்சியகத்தில் சுல்தான் சலாஹுடின் அப்துல் அசிஸ் ஷாவின் வாழ்வு இளமை முதல் 11ஆம் மாமன்னராக விளங்கிய காலம் வரை காட்டப்படுகிறது. அரச முடியணிகளின் படிகள், விருதுகள், அன்பளிப்புகள் ஆகியன வரிசையாக உள்ளன. அரச காட்சியகத்தின் பணி அதுவே. அதில் குறை காண்பதற்கில்லை.

குறை, அதனைப் பார்க்கும் தமிழ்க் கண்ணில் உள்ளது. அக்கட்டடம் காட்சியகமாகும் முன்னர் ஆங்கிலேய ஆட்சியின் அலுவலகமாக இருந்தது. 1901இல் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் இறங்கிய தமிழர் எத்தனையோ பேர் இந்நகரைச் சூழ்ந்த இரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்றனர். 1941இல் இவ்வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலியை அவர்கள் கேட்டனர். தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடக் கோரினர். வெள்ளைத் துரையைக் கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கத்தை ஒழிக்கச் சொன்னர். துருப்புகள் வரவழைக்கப்பட்டன; துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். 1892இல் தோன்றிய சுந்தரராசப் பெருமாள் ஆலயம் இந்நகரில் அவர்களுக்கு முன்பே இருந்தது. கிள்ளானைப் பற்றி எழுதிய மாணவருள் சிலர் அத்தோட்டங்களில் பிறந்தோரின் பேரப்பிள்ளைகள். அவர்தம் கட்டுரைகளில் முடியணியின் நிறம் உண்டு. பாட்டனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. செட்டிகளின் எலும்புக்கு அருகில் ஏவலரின் எலும்பையும் காட்டிய தீவதிலகையை இங்கே நினைத்துக்கொண்டோம்.

மொழி ஆசிரியருக்கு அக்காட்சியகத்தில் வேறு செல்வமும் உண்டு. இஸ்தானா, மஹ்கோத்தா, சிங்கசானா ஆகிய மலாய்ச் சொற்களைத் தமிழ் மாணவர் தடையின்றி அறிந்துகொள்வர். ஆஸ்தானம், மகுடம், சிங்காசனம் என்பவை நம் வழக்கிலும் உள்ளன. பியாரா என்பது விகாரையே. ஆயின் இவை தமிழிலிருந்து சென்றவை என்று மார் தட்டுவதற்கில்லை. வடமொழி வழியாக இரு மொழிகளுக்கும் வந்தவை. ‘குயில்’ என்னும் மலாய்ச் சொல் மட்டும் நம் கோயிலிலிருந்து சென்றது. வகுப்பில் இதனைக் கூறியபோது பறவைதானே என்று ஒரு மாணவர் கேட்டார். அன்று வகுப்பில் எழுந்த சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று.

நம் கருத்துக்கு ஒரு தடை எழக்கூடும். மணிமேகலை சமயப் பரப்புரைக் காப்பியம். பிற சமயக் கணக்கரை வரிசையாக நிறுத்தி அவர்தம் கொள்கைகளைக் கேட்டுக் கடந்து செல்பவள் அதன் நாயகி. அவளைச் சுற்றுலாப் பயணிக்கு வழிகாட்டியாக்குவது பொருந்துமா என்பது அத்தடை. இது புறக்கணிக்கத்தக்கதன்று. அவள் நடுநிலையாளர் அல்லள். எனினும் காஞ்சியில் நடப்பதை நோக்க வேண்டும். அந்நகர் பஞ்சத்தால் வாடுகிறது. மன்னன் இளங்கிள்ளி மணிபல்லவத்தைப் போன்றே ஒரு பொய்கையும் பொழிலும் அமைத்திருக்கிறான். மணிமேகலை அங்கு ஒரு பீடிகையை எழுப்பச் செய்கிறாள். இதுவும் ஒரு படிதான், நம் தோரண வாயிலைப் போல. ஆனால் அப்படியைச் செய்து முடித்தவுடன் அவள் அமுதசுரபியை அதன்மீது வைத்து, பதினெட்டு மொழி பேசுவோரையும் கண்ணிலாரையும் காலிலாரையும் உண்ண அழைக்கிறாள். படி உண்மையான தலத்திற்கு ஈடாகுமா என்னும் வினாவை அவள் எழுப்பவில்லை. அதனருகில் யார் உண்டனர் என்பதே அவள் கணக்கு.

அமுதசுரபி கோமுகியில் ஆண்டுக்கு ஒருமுறை தோன்றும் நாள், புத்தர் தோன்றிய விசாக நாள். ஆண்டுதோறும் விசாக தினத்தன்று மகா விகாரையிலிருந்து ஊர்வலம் புறப்படுகிறது. அங்கு வருவோர்க்குச் சைவ உணவு வழங்கப்படுகிறது. யாழ்ப்பாணத்தார் பலர் மணிபல்லவம் என்று கருதும் நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் அருகருகே உள்ளன. ஜாலான் பெர்ஹாலாவில் விநாயகரும் விகாரையும் இருப்பது அதே அமைப்பே. இதனை எழுத ஒரு மாணவருக்குக் காப்பியமும் தெரிய வேண்டும், தெருவும் தெரிய வேண்டும். இரண்டையும் தனித்தனிப் பாடங்களாக நாம் நடத்துவதால் இரண்டும் அவருக்குச் சந்திப்பதில்லை.

தேர்வில் பயணக் கட்டுரைக்குக் கிடைக்கும் நேரத்தில் இவ்வளவையும் எழுத இயலுமா என்று ஆசிரியப் பெருமக்கள் கேட்பர். இயலாது. நாம் வேண்டுவது ஒரு பத்தி மட்டுமே. அடுத்த பயணத்தை விசாக தினத்திற்கு முதல் நாள் வைத்துக்கொள்ளத் திட்டமிட்டுள்ளோம். கட்டுரையின் அளவையும் குறைத்துவிட்டோம். பட்டியல் வேண்டாம், ‘இவ்விடத்தில் உங்களுக்குத் தெரிந்தவர் ஒருவர் முன்பு நின்றிருக்கக்கூடும் என்றால், அவர் யார், எதற்காக வந்திருப்பார்?’ என்னும் ஒரு வினாவுக்கு மட்டும் விடை எழுதச் சொல்லியிருக்கிறோம். முன்பு விகாரையைப் பற்றி இரண்டே வாக்கியம் எழுதிய மாணவி ஒருவர், பயணத்திற்கு முன்னரே நம்மிடம் வந்தார். தம் தாத்தா இருப்புப்பாதைப் பணியில் பிரிக்பீல்ட்ஸ் குடியிருப்பில் வாழ்ந்தவர் என்றும், விசாக ஊர்வலத்தைப் பார்க்கத் தம் தாயாரைத் தோளில் தூக்கிச் செல்வார் என்றும், இதையெல்லாம் பயணக் கட்டுரையில் எழுதலாமா என்றும் கேட்டார்.